போட்டி பிஸ்டலுக்கு எந்த பேரல்? நீளம், வடிவம், பாரம்: முழுமையான வழிகாட்டி

பேரல், அதாவது குண்டு பாய்ந்து வெளியேறும் குழாய், நீளமாக இருந்தால் குறி துல்லியமாக இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலானவர்கள் முதல் பிஸ்டல் வாங்கக் கிளம்புகிறார்கள். ரைஃபிளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் 25 மீட்டர் போட்டிகளில் பல பத்தாண்டுகள் பதக்கம் குவித்த வால்தர் ஜிஎஸ்பி-யின் பேரல் 11 செ.மீ. கூடக் கிடையாது. இன்று உலகக் கோப்பைகளில் அதிகம் தென்படும் பார்டினி எஸ்பி-க்கு 12 செ.மீ. இவ்வளவு குட்டி பேரலை ஒரு ஸ்டாண்டில் இறுக்கிப் பிடித்துச் சுட்டால் 25 மீட்டரில் குண்டுகள் எல்லாம் ஒரு நாணயத்துக்குள் அடங்கும். தரமான எந்த மேட்ச் பேரலும் நம்மைவிட நன்றாகத்தான் சுடுகிறது, சிதறுவது நம் கை. அதனால் பேரல் தேர்வு என்பது பேரலின் துல்லியத்தைத் தேடுவது அல்ல. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் எந்த நீளம், எந்த முன்பாரம் (நுனிப் பக்கத்துக் கனம்) ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

இங்கே பேசப்போவது ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) முறைப் போட்டிகள், அதாவது ஒலிம்பிக்கிலும் நம் மாநில, தேசியப் போட்டிகளிலும் நடப்பவை. ஐபிஎஸ்சி போன்ற ஓடிச் சுடும் போட்டிகளுக்குக் கணக்கே வேறு, அதற்குள் போகவில்லை.

முதலில் விதிப்புத்தகம், அப்புறம் கடை

எந்தப் போட்டி என்று முடிவாகாமல் பேரல் நீளம் பேசுவது வீண். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு பேரல் நீளத்துக்கென்று தனி வரம்பு இல்லை. துப்பாக்கி முழுவதும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது, டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். அவ்வளவுதான்.

25 மீட்டருக்கு வந்தால் பிடி இறுகுகிறது. ஸ்போர்ட்ஸ் பிஸ்டல், ஸ்டாண்டர்டு பிஸ்டல், ரேப்பிட் ஃபயர் மூன்றுக்கும் பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் துளை) பிஸ்டல்தான். பேரல் 153 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 220 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது, எடை 1400 கிராம், டிரிகர் 1000 கிராம், பெட்டி 300 x 150 x 50 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த 153-ஐ அளக்கும்போது சேம்பரையும் (குண்டு உட்காரும் அறை) சேர்த்தே அளப்பார்கள், ரிவால்வரில் சிலிண்டரை விட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டு யூடியூப் வீடியோ பார்த்து ஆசைப்படுபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். ரூகர் மார்க் ஃபோர் காம்பெட்டிஷன் மாடல் அருமையான துப்பாக்கி, ஆனால் அதன் பேரல் 6.88 அங்குலம், அதாவது 175 மி.மீ. அருகே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41-இன் நீள பேரலும் அப்படித்தான். அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டிக்கு அவை சரி, அங்கே விதி வேறு. நம் போட்டியில் எக்விப்மென்ட் கன்ட்ரோல் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே துப்பாக்கிகளின் ஐந்தரை அங்குல பேரல் என்றால் 140 மி.மீ., பேரல் நீளத்தில் பிரச்சினை இல்லை. ஆனாலும் சைட் இடைவெளியைத் தனியாக ஒருமுறை அளந்து பாருங்கள், 220-ஐ அங்கே தாண்டிவிட வாய்ப்பு உண்டு.

50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலுக்கு பேரல், எடை, டிரிகர் எதற்கும் வரம்பு கிடையாது. அதனால்தான் டோஸ் 35, மோரினி சிஎம் 84 எல்லாம் ஒரு அடியை நெருங்கும் பேரலோடு இருக்கின்றன. தென்கொரியாவின் ஜின் ஜாங் ஓ 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர் அதற்காகத் தனியாக ஒரு துப்பாக்கி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீளம் தருவது சைட் இடைவெளியை

நீள பேரலின் உண்மையான லாபம் முன் சைட் தள்ளிப் போவது. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஏர் பிஸ்டலில் சைட் இடைவெளி 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒதுங்கினால் 10 மீட்டரில் குண்டு 3.3 மி.மீ. விலகும். இடைவெளி 360 மி.மீ. என்றால் அதே தவறுக்கு 2.8 மி.மீ. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு ரிங்கின் அகலம் 8 மி.மீ., அதாவது தசமக் கணக்கில் 0.1 புள்ளிக்கு 0.8 மி.மீ. ஆக நல்ல ஷூட்டர் செய்யும் சின்னத் தவறுக்கு நீள பேரல் மிச்சம் பிடித்துத் தருவது 0.1 புள்ளிகூட இல்லை.

புதியவர் கதை வேறு. அவருடைய முன் சைட் அரை மில்லிமீட்டர் ஒதுங்கும். அப்போது 16.7 மி.மீ.க்கும் 13.9 மி.மீ.க்கும் உள்ள இடைவெளி, கிட்டத்தட்ட 0.35 புள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சைட் தள்ளிப் போகப் போக கை ஆடுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, "இப்போ நிற்கும், இப்போ நிற்கும்" என்று காத்திருந்து, பத்தாவது விநாடியில் டிரிகரைப் பிடுங்கினால் குண்டு ஏழில் போய் விழும். 0.35 புள்ளி லாபம் ஒரே ஷாட்டில் போயே போச்சு. புதியவருக்கு நடுத்தரமான இடைவெளி போதும் என்று கோச்சுகள் சொல்வது இதனால்தான். பல ஏர் பிஸ்டல்களில் பின் சைட்டையோ முன் சைட்டையோ முன்பின்னாக நகர்த்தி இந்த இடைவெளியை மாற்றலாம். அந்த வசதி இருக்கும் மாடலை எடுத்தால் பேரலை மாற்றாமலேயே வளர்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று, முன் சைட்டின் அகலமும் இதோடு சேர்ந்தது. இடைவெளியைக் கூட்டினால் முன் சைட் ஒல்லியாகத் தெரியும், இரண்டு பக்கமும் வெளிச்சம் கூடிவிடும், அதற்கேற்ப பின் சைட் வெட்டைக் குறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் "புது பிஸ்டல் சரியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு.

குண்டு சீக்கிரம் வெளியேறும் என்ற வாதம்

குட்டை பேரலுக்கு ஆதரவாக அடிக்கடி கேட்கும் வாதம், பெல்லட் (ஏர் பிஸ்டலின் குட்டி ஈயக் குண்டு) சீக்கிரம் வெளியே போய்விடும், அதற்குள் கை ஆடுவது குறையும் என்பது. தத்துவம் சரி, அளவுதான் இடிக்கிறது. நீள ஏர் பிஸ்டல் பேரல் 23, 24 செ.மீ. இருக்கும், ஷார்ட் மாடல் 19, 20 செ.மீ. வித்தியாசம் நாலைந்து சென்டிமீட்டர். பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அந்தத் தூரத்தைக் கடக்க 0.3 மில்லிசெகண்ட். உங்கள் குறி டார்கெட்டின் மேல் விநாடிக்கு 200 மி.மீ. வேகத்தில் அலைகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த நேரத்துக்குள் அது நகர்வது 0.06 மி.மீ. தலைமுடியின் தடிமன். இதற்காக யாரும் துப்பாக்கி மாற்ற வேண்டியதில்லை. டிரிகர் விட்ட பிறகும் ஒரு விநாடி அப்படியே நிற்கும் பழக்கம் இதைவிடப் பல மடங்கு புள்ளி தரும், காசும் கிடையாது.

முன்பாரம்: தேர்வு நடக்க வேண்டிய இடம்

சரி, அப்படியானால் ஏன் ஒரே கம்பெனி ஒரே மாடலை லாங், ஷார்ட் என்று இரண்டு நீளத்தில் விற்கிறது? பாரம். ஏர் பிஸ்டல் பொதுவாக ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஷார்ட் மாடலில் அதில் கொஞ்சம் குறையும். தராசில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குறைவது எல்லாம் மணிக்கட்டிலிருந்து தள்ளி, நுனியில். கிரிப்பில் 50 கிராம் கூட்டினால் கை கண்டுகொள்ளாது, பேரல் நுனியில் 50 கிராம் கூட்டினால் நாற்பதாவது ஷாட்டில் மணிக்கட்டு புகார் செய்யும். 60 ஷாட், 75 நிமிடம், அதற்கு முன் 15 நிமிடம் சைட்டிங் என்பதை மறக்காதீர்கள்.

முன்பாரம் முழுக்கக் கெட்டது என்றும் இல்லை. நுனியில் கொஞ்சம் பாரம் இருந்தால் நடுக்கத்தின் சின்னச் சின்னத் துள்ளல் அடங்கி, ஆட்டம் மெதுவாகிறது. டிரிகரை இழுக்கும்போது நுனி சட்டென்று பக்கவாட்டில் திரும்புவதும் குறைகிறது. அதிகமானால் மணிக்கட்டு பூட்டு விட்டு நுனி மெல்ல இறங்கும், டார்கெட்டின் கீழே, ஆறு மணிப் பக்கம் ஒன்பதும் எட்டுமாக விழ ஆரம்பிக்கும். எங்கே நிற்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது.

கிளப் பிஸ்டல் ஒன்றை எடுங்கள். சேம்பர் காலி என்று பார்த்து, டிரை ஃபயர் (குண்டில்லாமல் டிரிகர் இழுக்கும்) நிலையில் வைத்து, ரேஞ்சின் ஃபயரிங் லைனில் நின்றே செய்யுங்கள். டார்கெட் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள், திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட் வெட்டுக்குள் தானாக நிற்கிறதா, கீழே தொங்குகிறதா, மேலே எழும்பி நிற்கிறதா? தொடர்ந்து தொங்கினால் உங்களுக்கு முன்பாரம் அதிகம், அல்லது கிரிப் கோணம் சரியில்லை. முதலில் கிரிப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் பேரலைக் குற்றம் சொல்ல வேண்டும்.

அடுத்து, வழக்கமான பயிற்சி முடிந்து கை களைத்த பிறகு இதையே திரும்பச் செய்யுங்கள். முக்கியமான பாதி இதுதான். காலையில் புத்துணர்வோடு கடைக்குப் போய் மூன்று முறை தூக்கிப் பார்த்துவிட்டு நீள பேரலை வாங்கி வருபவர் அதிகம். களைத்த கையில் ஐந்தாம் விநாடியிலிருந்து எட்டாம் விநாடி வரை முன் சைட் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பிறகு பேரல் நுனிக்கு அருகே டேப் போட்டு ஒன்றிரண்டு வாஷரை ஒட்டி மறுபடி பாருங்கள். பத்து, இருபது, முப்பது கிராம் என்று கூட்டும்போது ஒரு இடத்தில் ஆட்டம் நன்றாக அடங்கும், அதைத் தாண்டினால் தொங்கத் தொடங்கும். அந்த இடம்தான் உங்கள் அளவு. குறி அலைவதைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கேட் கருவி கிளப்பில் இருந்தால் கோடாகவே காட்டிவிடும், இல்லாவிட்டாலும் கண்ணே சொல்லும்.

இந்தச் சோதனையில் கூட்டிய பாரம் எதுவும் பிடிக்காமல், வெறும் துப்பாக்கியே தொங்கினால் ஷார்ட் பேரல் பக்கம் போங்கள். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள், ஒல்லியான மணிக்கட்டு உள்ளவர்கள், தோள் வலி இருந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வருவார்கள். பாரம் கூட்டக் கூட்ட நன்றாக நிற்கிறது என்றால் முழு நீளம் எடுங்கள். நடுவில் இருந்தால்? ஷார்ட் எடுத்து எடைக்கட்டிகளால் நிரப்பிக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. கூட்டுவது சுலபம், வெட்டுவது முடியாது. வளரும் பிள்ளைக்கு "நாளைக்கு உதவும்" என்று பெரிய சைஸ் செருப்பு வாங்குவதுபோல் நீள பேரல் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கை நீளத்தையும் பாருங்கள். நெட்டையானவருக்கு நீட்டிய கையில் பின் சைட்டே கண்ணிலிருந்து தூரம் போய்விடும், முன் சைட் இன்னும் தூரம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது சில சமயம் நல்லது, முன் சைட் தெளிவாகத் தெரியும் தூரத்துக்குப் போகிறது. ஷூட்டிங் கண்ணாடிக்கு லென்ஸ் எழுதும்போது நீங்கள் வாங்கப்போகும் பேரலின் முன் சைட் தூரத்தை அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பேரல் மாற்றினால் லென்ஸும் மாற்ற வேண்டிவரலாம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இது.

வடிவம்: துளை, உறை, தடிமன்

ஏர் பிஸ்டலில் பேரலுக்குள் இருப்பது ஒல்லியான ஸ்டீல் குழாய்தான், வெளியே தெரிவது உறை. அலுமினியமோ கார்பன் ஃபைபரோ எதுவாக இருந்தாலும் குறியில் வித்தியாசம் இல்லை, முன்பாரத்தில்தான் வித்தியாசம். கார்பன் உறைக்கு கூடுதல் காசு கொடுத்துவிட்டு அப்புறம் நுனியில் எடை தொங்கவிடுபவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

மேல்பக்கம் துளைகள் போட்ட பேரல்கள் வேறு விஷயம். ஸ்டெயர் எல்பி 10-இல் இருப்பது இந்த வகை. பெல்லட் துளையைத் தாண்டியதும் பின்னால் தள்ளும் காற்று மேலே வெளியேறுகிறது. நுனி எழும்புவது குறைகிறது, பெல்லட்டும் கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தள்ளல் இல்லாமலேயே கடக்கிறது. ஷாட் மென்மையாகத் தெரியும். துளை ஓரத்தில் ஈயத்துகள் சேரும், சுத்தம் செய்யும் ஃபெல்ட் அங்கே மாட்டி இழுபடும், பொறுமை வேண்டும். துளை இல்லாமல் நுனியில் மட்டும் காம்பன்சேட்டர் (காற்றை மேலே திருப்பி விடும் பகுதி) உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே எதிர்த்திசையில் நகரும் குட்டி எடை கொண்ட அப்சார்பர் உள்ள மாடல்களும் உண்டு. இவற்றில் எது இருந்தாலும், எதுவும் இல்லாவிட்டாலும் பதக்கம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதிர்வு குறைவது புள்ளியைக் கூட்டுவதைவிட, ஷாட் போன பிறகு சைட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க உதவுகிறது, அந்த வகையில் புதியவருக்கு லாபம்.

பழைய ஒற்றை அடி பம்ப் வகையில் ரஷ்யாவின் இஷ் 46 எம் இன்னும் சில கிளப்களில் ஓடுகிறது. அதன் பேரல் 280 மி.மீ., துப்பாக்கி முழு நீளம் சரியாக 420 மி.மீ., எடை 1.3 கிலோ அருகே. ஒரே பம்பில் அடைபடும் காற்றை முழுதாகப் பயன்படுத்த நீளம் தேவைப்படுகிறது. சுடும், நன்றாகவே சுடும், ஆனால் சின்னப் பிள்ளை கையில் கொடுக்கிற துப்பாக்கி இல்லை அது.

பாயிண்ட் டூ டூ பிஸ்டலில் புல் பேரல் என்று சொல்லும் நேரான தடித்த பேரல், நுனி நோக்கி ஒல்லியாகும் பேரல், வரி வெட்டிய பேரல், உள்ளே ஸ்டீலும் வெளியே அலுமினியமுமாகச் செய்த இலகு பேரல் என்று பல வகை. 25 மீட்டருக்கு எல்லாமே போதுமான துல்லியம். தடித்ததால் சூடு தாங்கும் என்பது இங்கே பொருந்தாது, நாம் சுடும் வேகத்தில் பேரல் சூடாவதே குறைவு. இங்கேயும் பாரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

25 மீட்டரில் நேரமும் சேர்ந்துகொள்ளும்

ஸ்போர்ட்ஸ் பிஸ்டலில் பாதி ப்ரிசிஷன் (நிதானமாகச் சுடுவது), பாதி ரேப்பிட் (வேகமாகச் சுடுவது). ரேப்பிடில் கையை 45 டிகிரி இறக்கி நிற்க வேண்டும், டார்கெட் 3 விநாடிக்குத் தெரியும், தூக்கி ஒரு ஷாட், பிறகு 7 விநாடி இடைவெளி. நுனி கனத்த துப்பாக்கி மெதுவாகக் கிளம்பும், நிற்கும்போது கொஞ்சம் மேலே தாண்டிவிட்டுத் திரும்பும். 3 விநாடியில் அந்தத் திரும்பலுக்கு நேரமில்லை. ஆனால் ப்ரிசிஷனில் 10-ஆம் ரிங் வெறும் 50 மி.மீ., அங்கே அதே பாரம் உதவும். இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்யும்போது நான் ரேப்பிட் பக்கம் சாய்வேன், ஏனென்றால் மாநில அளவில் புள்ளி கொட்டுவது அங்கேதான்.

ரேப்பிட் ஃபயரில் ஐந்து டார்கெட், நடுவுக்கு நடு 75 செ.மீ., கடைசியில் 4 விநாடிக்குள் ஐந்து ஷாட். ஷாட்டுக்குப் பிறகு நுனி எழும்புவதை அடக்குவதுதான் எல்லாம். இங்கே பேரல் நீளத்தைவிட, பேரல் உங்கள் கைக்கு எவ்வளவு நெருக்கமாக, தாழ்வாக அமைந்திருக்கிறது என்பது பெரிது. பார்டினி, ஜிஎஸ்பி போன்றவற்றில் மேகசின் டிரிகருக்கு முன்னால் இருப்பதையும், பேரல் கைப்பிடிக்கு நேராகத் தாழ்ந்து இருப்பதையும் கவனியுங்கள். உதைப்பு கையை நோக்கி நேராக வரும், மேலே புரட்டாது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இந்தப் போட்டியில்.

குட்டை பேரலில் குண்டின் வேகம் குறையுமே என்று கேட்பார்கள். குறையும். 25 மீட்டரில் அதைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை, ஒருமுறை சைட்டைச் சரிசெய்தால் முடிந்தது.

வாங்கும் நாள்

இந்தியாவில் 20 ஜூலுக்குள் இருக்கும் பாயிண்ட் ஒன் செவன் செவன் (4.5 மி.மீ.) ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அடையாளச் சான்றோடு டீலரிடம் வாங்கலாம். மேட்ச் ஏர் பிஸ்டல்கள் இந்த வரம்புக்குள் சுலபமாக அடங்குகின்றன. பாயிண்ட் டூ டூ என்றால் ஆயுத லைசென்ஸ் வேண்டும். ஏர் பிஸ்டலில் ஸ்கோர் வரும்வரை கிளப் துப்பாக்கியே போதும்.

பேரலைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது என்றால் அடுத்தது பெல்லட். ஒரே மாடல் இரண்டு பேரல்கள் ஒரே பெல்லட்டை ஒரே மாதிரி விரும்புவதில்லை. 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வித்தியாசமான டப்பாக்கள் கிடைக்கும். முடிந்தால் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டில் வைத்து ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து சுட்டுப் பாருங்கள், எது ஒரே ஓட்டையாக விழுகிறதோ அதில் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். கையால் சுட்டுப் பார்த்து பெல்லட் தேர்ந்தெடுத்தால் உங்கள் அன்றைய மனநிலையைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் பேரல் நுனியின் உள்விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்ன அடி, கீறல் இருந்தாலும் குண்டு ஒரு பக்கம் இழுக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்காற்று ஊரில் இருந்த துப்பாக்கி என்றால் உறைக்குள்ளும் துரு இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லாங்காக இருந்ததை யாராவது லேத்தில் கொடுத்து ஷார்ட் ஆக்கியிருந்தால், நுனி வேலை யார் செய்தது என்று தெரியாமல் தொடாதீர்கள். அப்புறம் காற்று சிலிண்டர். அதில் தேதி பொறித்திருக்கும், பத்து வருடம் தாண்டினால் போட்டியில் பயன்படுத்தக்கூடாது. பல பழைய பிஸ்டல்கள் "பேரல் புதுசு மாதிரி இருக்கு சார்" என்று விற்பனைக்கு வரும்போது சிலிண்டர் இரண்டும் காலாவதியாகியிருக்கும். புது சிலிண்டர் இரண்டின் விலையை விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.